காத்திரு, வர்றேன்

உங்கள் ரவுட்டரை இரும்பு அலமாரியின் மேல் வைத்திருக்கிறீர்கள், ஐயா. அதனால்தான் அந்த எழுத்தர் பெண் நான் வந்ததிலிருந்து கணினியைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள். ஜன்னல் பக்கம் மாற்றி வையுங்கள், சரியாகிவிடும். அலைகளுக்கு இரும்பு ஆகாது. ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் பெட்டி எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

தேநீருக்கு நன்றி. எல்லாவற்றையும் சொல்கிறேன், மறைக்கிற எண்ணமில்லை. ஒரு திருத்தம் மட்டும் செய்துகொள்ளுங்கள். உங்கள் காகிதத்தில் 'வலையை உடைத்து உள்ளே புகுந்தான்' என்று எழுதியிருக்கிறது. நான் எதையும் உடைக்கவில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் இணையம் என்ற ஒன்றைக் கட்டியவன் இந்தத் தொக்தோசுன்தான். கட்டினவன் எதற்கு உடைக்கிறான்?

ஜுமாதிலும் சேர்ந்துதான் கட்டினான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் நியாயமான ஆள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. எனக்குக் கை, அவனுக்கு வாய். பாலத்தைத் தாண்டினால் இரண்டு பக்கமும் பாறைச்சுவர், செல்போன் கோபுரத்தின் அலை உள்ளே வராது. மாஸ்கோவில் வேலைக்குப் போன பிள்ளைகளோடு பேச ஊர்ச்சனம் பாலம் வரைக்கும் நடக்கும். மேல் முகட்டில் ஓர் ஆன்டெனா வைத்தால் நாரின் நகரத்துக் கோபுரம் கண்ணுக்கு நேராகத் தெரியும், அங்கிருந்து ஊருக்குள் இணையத்தை இறக்கலாம் என்று நான் சொன்னேன். ஜுமாதில் தெருத்தெருவாகப் போய்ப் பேசினான். ஊரே கூலியில்லாமல் கூடி வேலைக்கு வந்தது. குதிரைகளில் கட்டிக் கம்பங்களை ஏற்றினோம். அவன் சொந்தக் கிடாயை அறுத்து எல்லோருக்கும் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் நான் பாடம் எடுத்தேன். முழுக்கூடாரத்தை யாரும் குதிரைமேல் தூக்கி வைப்பதில்லை, பிரித்துத்தான் ஏற்றுகிறோம். கம்பளம் ஒரு குதிரையில், கழிகள் இன்னொன்றில், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாதையில் போகும், மேய்ச்சல் நிலத்தில் போய் மறுபடி ஒன்றாக நிற்கும். நீங்கள் அனுப்புகிற செய்தியும் அப்படித்தான். துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின்மேலும் அனுப்புகிறவன் முகவரி, பெறுகிறவன் முகவரி எழுதி அனுப்புகிறோம். நடுவில் இருக்கிற ரவுட்டர் முகவரியைப் பார்த்து வழிமாற்றிவிடும், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காது. ஒரு கழி குறைந்தால் அந்தப் பக்கத்திலிருந்து, 'இன்னொன்று அனுப்பு' என்று ஆள் வரும். பேச்சுக்கு முன்னால் இரண்டு கணினிகளும் 'இருக்கிறாயா', 'இருக்கிறேன்' என்று விசாரித்துக்கொள்ளும். நாமும் ஆடுமாடு சுகமா, வீட்டில் சுகமா என்று கேட்காமல் விஷயத்துக்கு வருவதில்லையே.

பிள்ளை பதில் போடவில்லை என்று திட்டுகிற தாய்மாருக்கு நான் ஒரே வாக்கியம் சொல்வேன்: "செய்தி வரலைன்னா அனுப்பலைன்னு அர்த்தமில்ல. எங்கயோ ஒரு பெட்டியில காத்துக் கெடக்கும், வழி தெறந்தா வந்துரும்." கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

என் கால் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறீர்கள்.

பனிக்காலத் தொடக்கம். காற்றில் முகட்டுக் கம்பம் சாய்ந்து ஊரில் இணையம் தடுமாறியது. ஜுமாதில் நகரத்தில் சின்ன வேலை இருக்கிறது என்று போயிருந்தான். நான் மட்டும் மதியத்துக்கு மேல் ஏறினேன். கயிற்றை அவிழ்க்கும்போது கம்பம் இடது கால்மேல் விழுந்தது. போனில் கொஞ்சம் சிக்னல் மிச்சமிருந்தது. ஊருக்குள் எழுதிக்கொள்வதற்கென்று நானே என் வீட்டில் ஒரு பெட்டி வைத்திருந்தேன், எல்லாச் செய்தியும் அதன் வழியாகத்தான் போகும் வரும். அதில் ஜுமாதிலுக்கு எழுதினேன்: கால் மாட்டிக்கொண்டது, வா. உடனே பதில் வந்தது.

"காத்திரு, வர்றேன்."

கம்பம் இன்னும் கொஞ்சம் சறுக்கியது. ஆன்டெனா வானத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. பிறகு ஒன்றும் வரவில்லை. நான் காத்திருந்தேன், ஐயா. ஒருவன் வருகிறேன் என்று சொல்லிவிட்டால் அசையாமல் கிடப்பது சுலபம். பனி விழுந்தது. வலி இருந்தது, பிறகு வலி இல்லை. விடிகிற நேரத்தில் ஜுமாதிலின் மகன் மெதெர் குதிரையோடு வந்தான். ராணுவத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தான். "அத்தாதான் அனுப்புனாரு சித்தப்பா" என்றான். குதிரை பனியில் இறங்க மறுத்தது. சரிவு முடியும் வரைக்கும் அவன் என்னை முதுகில் சுமந்தான். நல்ல பையன். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

பாதிப் பாதத்தை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில்தான் அந்தச் சின்ன வேலை என்னவென்று தெரிந்தது. ஒரு கம்பெனி எங்கள் பள்ளத்தாக்குக்குக் கண்ணாடி இழைக் கேபிள் இழுக்கப் போகிறது, அதற்கு ஊர் முகவர் ஜுமாதில். ஒப்பந்த விருந்தில் கையில் கோப்பையோடு அவன் நிற்கிற படத்தை யாரோ காட்டினார்கள். நான் பனியில் கிடந்த அதே நாள். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்துவிட்டால் நீ யார் நான் யார்.

என்னைப் பார்க்க வந்தான். இடது காது நுனி கறுத்துப்போயிருந்தது. பனி கடித்துவிட்டது என்று சிரித்தான். குடித்துவிட்டுக் காருக்குள் தூங்கினால் காது அப்படித்தான் ஆகும். கட்டில் ஓரம் உட்கார்ந்து கேட்டான்: "நான் அனுப்புனது வந்துச்சுல்ல?"

வந்தது என்றேன். அந்த இரண்டு சொல்லைத்தான் கேட்கிறான் என்று தெரிந்தது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை. அவனே சொல்லட்டும் என்று இருந்தேன், அவன் வானிலையைப் பற்றிப் பேசினான்.

கேபிள் வந்தது. ஊர் கூடி ஏற்றின கம்பங்களை ஊர் கூடி இறக்கியது, இரும்பை வாங்கவும் ஆள் வந்துவிட்டான். டீக்கடையில் ஜுமாதில் சொன்னான்: "தொக்தோவோட வலை இருக்கே, அது கெழவி பின்னுன ஸ்வெட்டர் மாதிரி. பாசம் ஜாஸ்தி. ஆனா காத்து உள்ள வரும்!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் தோளில் கை போட்டு, "வீட்டுக்கு வீடு பெட்டி மாட்டணும், நீ வாடா, உன்னை விட்டா இங்க யாருக்குத் தெரியும்?" என்றான். அது உதவி என்று அவனுக்கு நினைப்பு. ஏணியை எட்டி உதைத்துவிட்டு, கீழே விழுந்தவனிடம் விறகு பொறுக்கச் சொன்னான். இருந்தும் போனேன்.

அப்படித்தான் ஊரில் எல்லா வீட்டுப் பெட்டியின் சாவியும் என் கைக்கு வந்தது. அவர்களாகத் தந்தது. பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் என்று கேட்டால், "நீயே ஏதாவது வையுப்பா, மறந்தா உன்னைத்தான கேக்கப் போறோம்" என்பார்கள்.

செய்திகள் பூட்டித்தான் போகின்றன, நடுவில் யாரும் படிக்க முடியாது என்று உங்கள் நிபுணர் சொல்லியிருப்பார். உண்மை. அனுப்புகிற போனில் பூட்டு, பெறுகிற போனில் திறப்பு. கம்பெனியாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் ஒரே கணக்கைப் போனிலும் பார்க்கலாம், மேசைக் கணினியிலும் பார்க்கலாம். ஒருதடவை இணைத்துவிட்டால் போதும். ஜுமாதில் புதுப் போன் வாங்கியபோது பிரித்துக்கூடப் பார்க்காமல் என்னிடம் நீட்டினான். எல்லாம் போட்டுக் கொடுத்தேன். அவன் கணக்கை என் கணினியிலும் இணைத்துவைத்தேன். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. என்னைப் பற்றி யாரிடமாவது என்றைக்காவது ஏதாவது சொல்வான், அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தையாவது எழுதுவான் என்று பார்த்தேன். வருடக்கணக்காகப் பார்த்தேன். ஆட்டு விலை, திருமண விருந்து, மாஸ்கோவில் இருக்கிற மெதெருக்குப் புத்திமதி, அவ்வளவுதான். என் பெயர் வந்த இடத்திலெல்லாம் 'தொக்தோவிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்றே இருந்தது. நான் கிடந்த கிடை அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை என்பது அப்போதுதான் உறுதியானது.

இந்த வசந்தத்தில் மெதெரின் மனைவி பெகாயிம் மாஸ்கோவிலிருந்து எழுதினாள். ஜுமாதில் கீழே ஆட்டுப்பட்டியில் இருந்தான், போன் வீட்டு அலமாரியில். நான் முதலில் படித்தேன்.

"அத்தா, உங்க மகன் சாரத்துலேர்ந்து விழுந்துட்டாரு. உசுரு இருக்கு. ரெண்டாவது ஆபரேஷனுக்கு ரத்த சொந்தம் கையெழுத்து போடணும்னு சொல்றாங்க. எங்களுக்கு நிக்காஹ் மட்டும்தான், அரசாங்க முத்திரை இல்ல, என் கையெழுத்து செல்லாதாம். உங்களைத்தான் கேக்குறாரு. சீக்கிரம் வாங்க அத்தா."

கூப்பிட்டுச் சொல்லலாம் என்று எழுந்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். ஊன்றுகோலை எடுத்தேன், கதவு வரைக்கும் போனேன். பட்டியிலிருந்து அவன் சிரிப்பு கேட்டது, யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தான். திரும்பி வந்து உட்கார்ந்து அவன் பெயரில் பதில் எழுதினேன்.

"காத்திரு, வர்றேன்."

இந்தச் சொற்கள் நான் இட்டுக்கட்டியவை இல்லை, ஐயா. அவன் எனக்கு அனுப்பியவை. நான் வழிமாற்றி மட்டும் விட்டேன்.

மீதியெல்லாம் வேலை தெரிந்தவனுக்குச் சாதாரணம். அவன் வீட்டு இணைப்பைக் கொஞ்ச நேரம் நிறுத்துவேன், வந்த செய்தியைப் படித்து, அவன் பெயரில் பதில் போட்டு, இரண்டையும் என் பக்கம் அழிப்பேன், பிறகு திறந்துவிடுவேன். அவன் போனிலும் அது இருக்காது. குரல் அழைப்புகளை அவன் ரவுட்டரிலேயே மறித்தேன், கேபிள் கோளாறு என்று சொன்னேன். புது எண் ஒன்று வாங்கி, பெகாயிம் எழுதுவதுபோல அவள் மாமியார் சோனுனுக்கு எழுதினேன்: பழைய போன் உடைந்துவிட்டது, இனி இதுதான் எண், மகன் இரவு பகல் வேலையில் இருக்கிறார், நலம். பெகாயிமுக்கு ஜுமாதிலாக எழுதினேன்: "ஊருல யாருக்கும் சொல்லாதம்மா. உன் மாமியாருக்கு நெஞ்சு தாங்காது. நான் வந்து பாத்த பெறகு, பெரியவங்க முறைப்படி சொல்லுவாங்க."

அவள் கேள்வி கேட்கவில்லை. கெட்ட செய்தியைப் போனில் போட்டு உடைக்கக் கூடாது, பெரியவர்கள் கூடிப் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்பது நம் வழக்கம். நல்ல குடும்பத்துப் பெண், வழக்கம் தெரிந்தவள். மாஸ்கோவில் இருக்கிற நம் ஆட்களின் வாயையும் அவளே கட்டிப்போட்டாள்.

கணவாயில் பனிச்சரிவு என்று எழுதினேன். விமானம் ஏறப் பிஷ்கெக் வந்துவிட்டேன் என்று எழுதினேன். கடவுச்சீட்டில் ஒரு தகராறு, நாளைக்கு விமானம் என்று எழுதினேன். அவள் ஒருநாள் எழுதினாள்: "கதவு தொறக்கறப்பல்லாம் தலையைத் திருப்பிப் பாக்குறாரு அத்தா." அதைப் படித்தபோது எனக்கு வெட்டிப்போட்ட கால்விரல்கள் வலித்தன. எனக்குத் தெரியும் அந்தக் காத்திருப்பு. அதை ஜுமாதிலின் வீட்டில் ஒருவராவது தெரிந்துகொண்டார்களே என்று ஓர் ஆறுதல். கொடூரமான ஆறுதல் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் ஆட்சேபிக்கமாட்டேன்.

தவறு நடந்தது ஒரே இடத்தில். அன்று ஜுமாதில் கடையில் எல்லோர் முன்னாலும், "என் பையன் வரட்டும், தொக்தோவுக்கு மாஸ்கோவுலேர்ந்து ரப்பர் கால் வாங்கி வரச் சொல்லிருக்கேன், அப்பறம் பாருங்க, ஆட்டுக்குப் போட்டியா ஓடுவான்" என்றான். வீட்டுக்கு வந்து, கொதிப்போடு, பெகாயிம் பெயரில் சோனுனுக்கு எழுதினேன்: 'ஜுமாதில் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.'

சோனுன், அவன் மனைவி, மறுநாளே போனோடு என் வீட்டுக்கு வந்தாள். என் கால் ஆறும்வரைக்கும் தினமும் சூப் வைத்துக் கொண்டுவந்தவள். கையில் துணியில் மூடிய எண்ணெய் ரொட்டி.

"அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க. இது என் மருமக எழுதுனதுதானா?"

"ஏம்மா, அவ நம்பர்தானே?"

"கட்டிட்டு வந்த நாள்லேர்ந்து அவ வாயில மாமனார் பேரு வந்ததில்லண்ணே. ஊருல இன்னொரு ஜுமாதில் இருக்கானே, தச்சன், அவனைக்கூட 'மர வேலைக்காரரு'ன்னுதான் சொல்லுவா. நான் கேலி பண்ணுவேன், அப்பவும் சொல்லமாட்டா. இப்ப என்ன, ஆட்டுக்காரன் மாதிரி பேரைச் சொல்லி எழுதிருக்கா?"

நமக்கு இது தெரியாதா? மருமகள் மாமனார் பெயரைச் சொல்லமாட்டாள், அந்தப் பெயர் கொண்ட அயலானையும் சொல்லமாட்டாள். ஆனால் பிறந்ததிலிருந்து ஜுமாதில் ஜுமாதில் என்று கூப்பிட்டுப் பழகியவனின் விரல் அது, தட்டிவிட்டது.

"போனே எழுதிருக்கும்மா. நாலு எழுத்து தட்டுனா மிச்சத்தை அதுவே போட்டுரும். அதுக்கு மாமனாரும் தெரியாது, மருமகளும் தெரியாது."

சோனுன் அந்தச் செய்தியை இன்னொரு தடவை படித்தாள். பிறகு முகம் தெளிந்தது. "நீங்க சொன்னா சரிதாண்ணே. என்னமோ மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. ரொட்டி சூடா இருக்கு, ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். நல்ல ரொட்டி.

அன்றைக்கே சொல்லியிருந்தால் நேரம் இருந்தது என்று உங்கள் மருத்துவர் சொல்கிறார். இருக்கலாம். கணவாய் திறந்துதான் இருந்தது.

மனசு கேட்காமல் சோனுன் பாலம் வரைக்கும் நடந்து போய்ப் பழைய எண்ணுக்குப் போன் போட்டபோது, மெதெர் முந்தின நாளே இறந்துபோயிருந்தான். பெகாயிம் எடுத்தாள். வழக்கப்படி ஒன்றும் சொல்லவில்லை. "அத்தா இன்னும் வந்து சேரலியே" என்று மட்டும் கேட்டாளாம். சோனுனுக்கு அது போதுமாக இருந்தது, பாலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கி வந்தவர்கள் பெரியவர்களிடம் சொன்னார்கள், அவர்கள் மாஸ்கோவில் இருக்கிற நம் ஆட்களைக் கூப்பிட்டு நடந்ததைக் கேட்டுக்கொண்டார்கள். பெரியவர்கள் கூடி ஜுமாதில் வீட்டுக்குப் போனோம். ஆமாம், நானும் போனேன். நெருங்கின சிநேகிதன் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் முறை. மூத்தவர் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்ததும் அவன் முழு எடையும் என் தோளில்தான் சாய்ந்தது. ஒற்றைக் காலில் தாங்கினேன்.

பெகாயிம் உடலோடு வந்து சேர்ந்து, போனை எடுத்து அவன் எழுதியதாக இருந்ததையெல்லாம் காட்டினாள். அவன் படித்தான். யாரையும் பார்க்காமல் என்னிடம்தான் வந்தான். அப்போதுகூட அவனுக்குப் புரியவில்லை, ஐயா.

"தொக்தோ, நீதான்டா கண்டுபிடிச்சுச் சொல்லணும். எவனோ என் பேருல எழுதிருக்கான். என் புள்ள எனக்காகக் காத்துக்கிட்டே கெடந்துருக்கான்டா."

கண்டுபிடிக்கிறேன் என்றேன். அந்த வாக்கை இதோ காப்பாற்றிவிட்டேன். எழுதியவன் நான். மெதெரைச் சாகவிட்டவன் நான். தெரிந்துதான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன், எங்கே என்று காட்டுங்கள்.

ஆனால் நீங்கள் இப்போது மேசைமேல் வைத்திருக்கிற இந்தக் காகிதத்துக்கு என்னால் ஒப்புதல் தர முடியாது. ஊர்ச் செய்தியெல்லாம் போய்வந்த என் பழைய பெட்டி கொட்டகையில் கிடந்தது, அதை உங்கள் நிபுணர் திறந்திருக்கிறார். கம்பம் விழுந்த நாளிலிருந்து அதை நான் தொட்டதில்லை, தேவைப்படவில்லை. அதற்குள் எனக்கு வந்து சேராத செய்தி ஒன்று கிடந்தது, ஜுமாதிலிடமிருந்து, அதே சாயங்காலம் என்கிறீர்கள். படித்தேன். 'தொக்தோ, கையெழுத்து போடாம எந்திரிச்சு ஊருக்கு வந்துட்டேன். பாலத்துப் பக்கம் பனி மூடிருச்சு. மெதெரைக் குதிரையில அனுப்பிட்டேன். நான் மறுபக்கமா நடந்து ஏறுறேன். தூங்கிடாதடா.'

ஜுமாதிலின் நடைதான். கறுத்துப்போன அந்தக் காதுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறது. தேதியும் சரியாக இருக்கிறது. தேதி மாற்றுவது பெரிய வித்தை இல்லை.

இதை நான் நம்பமாட்டேன், ஐயா. ஒருவன் பெயரில் 'வர்றேன்' என்று யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். அது என்னைவிட யாருக்குத் தெரியும்?